இவருக்குப் பதில்

லூர்தம்மாளை மாற்றியது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். தள்ளுவண்டிக்காரரிடம் அவள் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நான் கொத்தமல்லிக்காகப் பக்கத்தில் நின்றிருந்தேன், அப்போது அவள் முழங்காலுக்கு நேரே, காற்றில், ஒரு சாண் அகலத்தில் ஒரு நீலப் பட்டை இடமிருந்து வலமாக ஓடிவந்து நின்றது, அதில் வெள்ளை எழுத்தில் ‘லூர்தம்மாளுக்குப் பதில் இனி இவர்’ என்று எழுதியிருந்தது, அதை நாங்கள் வாசித்து முடிப்பதற்குள் தெருமுனையில் ஓர் ஆட்டோ வந்து நின்று, முப்பத்து மூன்று வயது மதிக்கத்தக்க ஒருத்தி, காதோரத்தில் மட்டும் பிரஷ்ஷால் இழுத்த மாதிரி ஒரு கீற்று நரையோடு, சிவப்புச் சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்து, லூர்தம்மாள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, “நிறுத்துப் போடுங்கண்ணே, வெயிலு” என்றாள். வண்டிக்காரர் நிறுத்துப் போட்டார். லூர்தம்மாளின் மகன் பெலிக்ஸ் வாசலுக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

“எதுக்கும்மா வெயில்ல நிக்கிறீங்க, சொல்லியிருந்தா நான் வாங்கியாந்திருப்பேன்ல.”

அவன் சொன்னது புதியவளிடம். முப்பத்தைந்து வயதுப் பிள்ளை தன்னைவிட இளையவளை அம்மா என்று கூப்பிட்டு உள்ளே அழைத்துப் போய்க் கதவை ஒருக்களித்தான்.

“டேய் பெலிக்ஸு” என்றாள் லூர்தம்மாள். இரண்டு தடவை கூப்பிட்டாள். பதில் இல்லை. காது கேட்காதவன் முகம் வேறு மாதிரி இருக்கும். அவன் முகம், பக்கத்து வீட்டு டிவியில் யாரோ பேசும்போது நாம் நம் பாட்டுக்குத் துணி மடிப்போமே, அந்த முகம்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நாற்பது வருஷமாக என் சிநேகிதி. என் இரண்டு பிரசவத்திலும் பக்கத்தில் இருந்தவள். அவளிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா.

“மூணு நாள்ல பழகிடும் லூர்து.”

மாதாவே, எங்கள் தெருவில் அதை முதலில் சொன்ன வாய் என் வாய்.

அந்த வார்த்தையை நாங்கள் கற்றுக்கொண்டது ‘நாச்சியார் இல்லம்’ பார்த்து. மத்தியானம் ஒன்றரை மணிக்கு ஒன்பது வருஷமாக அது ஓடியது. புருஷனைப் பறிகொடுத்த நாச்சியார் சாப்பாட்டு மெஸ் நடத்தி நாலு பிள்ளைகளை ஆளாக்கின கதை. ஆரம்பத்தில் அது எங்களுக்கான கதையாகத்தான் இருந்தது, அவள் கஞ்சி வடித்தால் கஞ்சி முழுதும் வடிகிறவரை காட்டுவார்கள், அவள் அழுதால் மூக்கைத் துடைக்கிறவரை காத்திருப்பார்கள். பிறகு இளசுகளும் பார்க்க வேண்டும் என்று சென்னையில் யாரோ உட்கார்ந்து பாகம் பிரித்தார்கள், முதல் எட்டு நிமிஷம் நாச்சியார் சாமி கும்பிட்டால் அடுத்த எட்டு நிமிஷம் கடைசிப் பேத்தி ஒருத்தன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து கடற்கரைக்குப் போவாள், எங்களைக் கையைவிட்டுப் போகாமல் பிடித்துக்கொண்டே மறு கையால் அவர்களைக் கூப்பிட்டார்கள். எங்களுடைய எட்டு நிமிஷம் நாலாயிற்று, நாலு இரண்டாயிற்று, கடைசியில் நாச்சியார் பூஜையறைக் கதவைத் திறக்கும்போதே சோப்பு விளம்பரம் வந்தது. லூர்தம்மாளை மாற்றினதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மூத்த மகனோடு பேசிக்கொண்டே திரும்பின நாச்சியார், திரும்பி முடிக்கும்போது வேறொருத்தியாக இருந்தாள். கீழே நீலப் பட்டை ஓடியது. மகனுக்கும் புது அம்மாவுக்கும் ஒரே வயசு.

“ஒரு மாதிரியாத்தான் இருக்குடி” என்றாள் என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்த லூர்தம்மாள்.

“மூணு நாள்ல பழகிடும்” என்றேன்.

மூன்று நாள்கூட ஆகவில்லை. சனிக்கிழமையே, சேலை இவளுக்குத்தான் நன்றாக நிற்கிறது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். பழையவள் எங்கே போனாள், பஸ்ஸில் போனாளா, சாப்பிட்டாளா என்று ஒரு வார்த்தை நாங்கள் கேட்கவில்லை. அதனால்தான் திங்கட்கிழமை பட்டை எங்கள் தெருவுக்கே இறங்கி வந்தது என்று நான் நினைக்கிறேன்.

திண்டுக்கல்லில் எங்கள் தெரு, கோவிலைப் பார்த்த நீளத் தெரு, இருபத்தாறு வீடு. ஜூன் மாதம் லூர்தம்மாளை மாற்றினார்கள், ஜூலையில் அங்கன்வாடியில் இருந்து ரிட்டயரான ஞானப்பூ அக்காவை மாற்றினார்கள், மாதா திருநாளுக்குக் கொடியேறுவதற்குள் ஏழு பேரை மாற்றிவிட்டார்கள். தெரு அதற்கு வழிவகை செய்துகொண்டது. ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷின், ஆயுசெல்லாம் சாம்பலும் சோப்பும் தேய்த்து ரேகை அழிந்துபோன பழைய லூர்துவின் விரலை எத்தனையோ தடவை தள்ளியிருக்கிறது, புதியவள் வைத்ததும் ஒரே தடவையில் கீச்சென்று ஒத்துக்கொண்டது, கடைக்காரர் “பாருங்க, இப்பத்தான் வேலை சுளுவா இருக்கு” என்றார். வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்கிற எங்கள் அன்பியத்தில் புதியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டை இரண்டு குரலில் பாடினார்கள், நன்றாகத்தான் பாடினார்கள். ஞானப்பூ அக்கா வீட்டுக்காரர், அறுபத்தெட்டு வயது, அன்றைக்குச் சாயங்காலமே கடைக்குப் போய்த் தலைக்கு அடிக்கிற சாயம் வாங்கிவந்தார். பேரப்பிள்ளைகள் முதல் நாள் கொஞ்சம் முறைத்துப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் மடியில் ஏறினார்கள், பெரியவர்கள் பெருமூச்சுவிட்டு, பழகிடும் என்றார்கள், மன்றாட்டுமாலையில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொல்வோமே, அந்த மாதிரி, லூர்துவுக்கு என்ன ஆச்சு என்றால் பழகிடும், ஞானப்பூ எங்கே என்றால் பழகிடும், பிள்ளைகள் தேடாதா என்றால் பழகிடும்.

மாற்றப்பட்டவர்களை யாரும் அடிக்கவில்லை, விரட்டவில்லை. அவர்கள் பேசினால் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். அவர்களைப் பற்றிப் பேச வேண்டிவந்தால் பழைய லூர்து, பழைய ஞானப்பூ என்று சோற்றைச் சொல்வதுபோலச் சொன்னார்கள். பதில் வராத வீட்டில் ஒரு மனுஷி எத்தனை நாள் நிற்பாள்? ஒவ்வொருத்தியாகக் கோவிலுக்குப் பின்னால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடத்துகிற அறைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பங்குச் சாமியார் நல்லவர், “கொஞ்ச நாள் பொறுத்துக்குங்கம்மா” என்று சாவியைக் கொடுத்தார். ஆனால் அவரும் அதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சாவியைப் பார்த்துச் சொன்னார்.

நான் முதல் வாரம் தினமும் தூக்குவாளியில் ரசமும் சோறும் கொண்டுபோனேன். இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் லூர்து ஏதாவது கேட்டால் ம் என்று சொல்லிவிட்டு வாளியைக் கழுவ ஆரம்பித்தேன். என்னைச் சாந்தமானவள் என்பார்கள். சாந்தத்தில் பாதி பயம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எனக்கு ஒரே நினைப்பு, அக்டோபர். சென்னையில் இருக்கிற என் மகள் ஜெசிந்தா தலைப்பிரசவத்துக்கு அக்டோபரில் வீட்டுக்கு வருகிறாள். பழைய நூல்சேலைகளை வெந்நீரில் அலசி, காயவைத்து, பிள்ளையை ஏந்திக்கொள்கிற அளவுக்குக் கிழித்து, ஓரம் தைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையை நர்ஸ் கையிலிருந்து முதலில் வாங்குகிறது நானாக இருக்க வேண்டும். அது ஒன்றைத்தான் மாதாவிடம் கேட்டிருந்தேன்.

மாதா திருநாள் முடிந்த மறு செவ்வாய்க்கிழமை, தையல் மெஷினுக்குக் கீழே என் முழங்காலுக்கு நேரே பட்டை ஓடிவந்தது. ‘அமலோற்பவத்துக்குப் பதில் இனி இவர்.’ என் பேரை ரேஷன் கார்டிலோ வாக்காளர் அட்டையிலோ ஒருநாளும் பிழையில்லாமல் எழுதினதில்லை. அதில் ஒரு புள்ளிகூடத் தவறாமல் இருந்தது.

வந்தவளுக்கு முப்பத்து நாலு இருக்கும். பெட்டியைச் சுவரோரம் வைத்தாள், செருப்பை ஒழுங்காகக் கழற்றினாள், மாதா படத்தின் முன்னால் சிலுவை போட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் இறந்து நாலு வருஷம், மகன் கிளமெண்ட் ஓசூரில், இந்த வீட்டில் என்னைத் தவிர யாருமில்லை, அப்படியிருக்க இவளை ஒத்துக்கொள்ள இங்கே யார் இருக்கிறார்கள், நான் நகராமல் இருந்தால் என்ன செய்வாள் என்று நினைத்தேன். அப்போது போன் அடித்தது. அவள்தான் எடுத்தாள். வீடியோவில் ஜெசிந்தா.

“மம்மி, ஸ்கேன் பாத்தாச்சு, எல்லாம் நார்மல்.”

“அப்படியாடா செல்லம். முகத்தைக் காட்டு, கொஞ்சம் உப்பியிருக்க மாதிரி இருக்கு.”

“போங்க மம்மி, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல.”

நான் எழுந்துபோய் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன், போனுக்குள் என் முகமும் தெரிந்தது, என் கண்ணுக்கே தெரிந்தது. “ஜெசி” என்றேன். என் மகள் என்னை நேராகப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஜன்னல் வெளிச்சம் மறைக்குது” என்றாள்.

தள்ளி நின்றேன். வெளிச்சம் நன்றாக விழுந்தது. தைத்துவைத்த துணிகளை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஞானோபதேச அறைக்குப் போனேன்.

அறையில் சின்னப் பிள்ளைகள் உட்காருகிற குட்டைப் பெஞ்சுகள். முழங்கால் தாடையில் இடிக்க ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“வா வா, பழைய அமலோற்பவம்” என்றாள் லூர்து. “ரசம் கொண்டாரலையா?”

“கொண்டாரல.”

“நல்லதாப் போச்சு, உன் ரசத்துல புளி கூடக் கெடக்கும். உக்காரு.”

நான் உட்காராமல், நின்றபடியே சொன்னேன். தப்பு என்னுடையது என்றேன்.

எங்கள் வீட்டு டிவிக்குப் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. எந்த வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கிற கம்பெனி, ஆறு வருஷத்துக்கு முன்னால், பிள்ளைகள் வீட்டில் இருந்தபோது மாட்டியது. அதன் ரிமோட்டில் ஆளுக்கு ஒரு பட்டன், டிவி முன்னால் உட்காருகிறவர் தன் பட்டனை அமுக்க வேண்டும், வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது. உங்கள் வீட்டில் ஒருவர் பார்த்தால் ஊரில் பல ஆயிரம் பேர் பார்த்ததாக எடுத்துக்கொள்வார்கள் என்று பெட்டி மாட்டின தம்பி சொன்னான். எங்கள் வீட்டில் ஜெபமாலையும் அப்படித்தான் ஆளுக்கு ஒரு பங்கு, முதல் பத்து மணி என் வீட்டுக்காரர் சொல்வார், இரண்டாம் பத்து நான், மூன்றாவது கிளமெண்ட், நாலாவது ஜெசிந்தா, ஐந்தாவதை எல்லோரும் சேர்ந்து சொல்வோம். ஒவ்வொருவராகப் போன பிறகு அவரவர் பத்தை அவரவர் பேருக்கு நானே சொன்னேன், விட மனசு வரவில்லை. பட்டனையும் அப்படியே அமுக்கினேன். தினமும் ஒன்றரை மணிக்கு நாலு பட்டன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியிலிருந்து போனில், வீட்டில் எல்லோரும் இருக்கிறீர்களா என்று கேட்பார்கள். எல்லோரும் சுகம் என்பேன்.

“அப்ப உன் மகனும் மகளும் தெனம் மத்தியானம் நாச்சியார் பாக்குறதா அவனுக கணக்குல இருக்கு” என்றாள் ஞானப்பூ அக்கா. அவள் எதையும் சுருக்கமாகப் பிடிப்பவள்.

“ஆமாக்கா. இளசுக வருதுன்னு நெனச்சுத்தான் அவங்களுக்கு ஏத்த மாதிரி கதையத் திருப்பிருக்காங்க. நாச்சியாரை மாத்துனதுக்கும் நான்தான் காரணம்.”

“நாலு பட்டனையுமா அமுக்குன?”

“நாலையும்.”

“செத்தவரு பட்டனையுமா?”

“அவரு பட்டனைத்தான் முதல்ல.”

லூர்துதான் முதலில் சிரித்தாள்.

“ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் உசுரோட இருந்தப்ப சீரியல் போட்டாலே எந்திரிச்சு வெளிய போயிருவாரு. செத்தப்புறம் நாலு வருசமா ஒருநாள் விடாம பாத்திருக்காரு பாரு.”

“சிரிக்காத லூர்து” என்றாள் ஞானப்பூ அக்கா. “இவ பண்ணுன ஜெபம் நம்ம தலையில வந்து விழுந்திருக்கு. அடியே, உன் பட்டன் ஒண்ணை மட்டும் அமுக்கியிருந்தா என்னடி?”

“என் பட்டன் கணக்குல வராதுக்கா.”

அதைச் சொன்னபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக, கால் பெருவிரலில் தொடங்கி, வெந்நீர் அண்டாவில் சூடு ஏறுகிறது மாதிரி ஏறியது. பெட்டிக்காரத் தம்பி முன்பே சொல்லியிருக்கிறான், சிரித்துக்கொண்டே சொன்னான், அம்மா, வயசானவங்க எப்படியும் பாப்பீங்க, உங்களுக்காக யாரும் எதையும் மாத்த வேண்டியதில்ல, சோப்பு கம்பெனிக்காரனுக்கு வேணுங்கிறது சின்னவங்கதான் என்று. எப்படியும் பார்ப்போம். எப்படியும் சமைப்போம், எப்படியும் காத்திருப்போம், எப்படியும் போனை எடுப்போம், நகர்ந்து நில் என்றால் எப்படியும் நகர்ந்து நிற்போம், அதனால் எங்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை. இருக்கிறவளை எண்ணாமல் இல்லாதவர்களை எண்ணுகிற கணக்கை எவன் போட்டான், அதை வாசலில் வைத்து வாங்கி உள்ளே கொண்டுபோனது எங்கள் பிள்ளைகள் அல்லவா.

கோவில் அலுவலகத்துப் போனில் பெட்டிக்காரத் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் கம்பெனி போனில் பேசுகிற எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று விதி, அதனால் எனக்கும் சொன்னான்.

“தம்பி, எங்க வீட்டுல சீரியல் பாத்தது ஒரே ஆளு. வயசு அறுபத்தொண்ணு. மத்தவங்க யாரும் இல்ல.”

“அய்யோ அம்மா, அப்ப பெட்டியை எடுத்துருவாங்களே.”

“எடுத்துட்டுப் போங்க” என்றேன்.

பெட்டியை எடுத்துப்போன இரண்டு வாரத்தில், சீரியலில் நாச்சியார் காசிக்குப் போய்விட்டதாக ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு அவள் மாலையில்லாத படத்தை மாட்டினார்கள் என்று கேள்விப்பட்டேன். எங்கள் தெருவில் ஒன்றும் மாறவில்லை. பெட்டி போனாலும் பிள்ளைகளுக்குப் பழகினது பழகினதுதான்.

அக்டோபர் முதல் வாரம் அவள் வந்தாள், எனக்குப் பதில் வந்தவள். அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

“சனிக்கிழமை ஜெசிந்தா வருது. பிரசவத்துக்கு என்ன செய்யணும்னு எனக்கு வசனப் பேப்பர் வரல. வலி வந்தா என்ன சொல்லணும், பிள்ளையை எப்படிப் பிடிக்கணும், எதுவும் எழுதி வரல.”

“உனக்குப் பிள்ளை இல்லையா?” என்று கேட்டாள் ஞானப்பூ அக்கா.

“இல்லக்கா. இந்த வேலையில எங்க.” அவள் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்தாள், அவளுக்கும் முழங்கால் இடித்தது. “எனக்கே முப்பத்து நாலு ஆச்சு. இருபத்தாறுல ஒருத்தியப் பாத்து வச்சிருக்காங்களாம், அம்மா வேஷத்துக்கு. எப்ப என் காலடியில பட்டை ஓடும்னு குனிஞ்சு பாத்துக்கிட்டேதான் நடக்கேன்.”

எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது, இரக்கம் வந்ததில் கோபம் இன்னும் ஏறியது.

“உன்னை வீட்டுக்குள்ள விட்டாங்களே, யாராச்சும் நீ யாருன்னு கேட்டாங்களா?”

“ஒருத்தர்கூடக் கேக்கல. பட்டைய வாசிச்சாங்க, சரின்னுட்டாங்க. அதுல என்ன எழுதியிருந்தாலும் சரின்னுதான் இருப்பாங்க.”

அவள் போன பிறகு நாங்கள் எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

சாமியாரிடம் போய், போன வருஷம் மாதா சப்பரத்துக்குக் கட்டின நீலத்துணி வேண்டும் என்றேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் தந்துவிட்டார். ஒரு சாண் அகலத்தில் எட்டுத் துண்டாகக் கிழித்தோம். ஞானப்பூ அக்கா அங்கன்வாடியில் முப்பது வருஷம் சார்ட் எழுதினவள், கை நடுங்காது, வெள்ளை பெயிண்டைத் திறந்துவைத்துக்கொண்டு என்ன எழுத என்றாள்.

“பழையபடி இவரேன்னு எழுதுங்க” என்றாள் லூர்து.

“பழைய பழையன்னு கேட்டுக் கேட்டு எனக்குப் புளிச்சுப்போச்சு. இவளுகளை வெளிய அனுப்புன்னு எழுதுவோம்” என்றாள் ஞானப்பூ அக்கா.

“அவளுக என்னக்கா செஞ்சாளுக. போன இடத்துல வேற ஒருத்தி வருவா” என்றேன். “முதல்ல ‘இவருக்குப் பதில்’னு எழுதுங்க.”

எழுதினாள். எட்டுத் துணியிலும் ‘இவருக்குப் பதில்’ என்று எழுதி நிறுத்தினாள். ஈரம் மினுங்க அது தரையில் கிடந்தது. நான் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வார்த்தை. அதை வைத்து எங்களை எடுத்துவிட்டு இன்னொருத்தியை வைத்தார்கள். அந்த வார்த்தையின் இன்னொரு பாதியைத்தான் நாலு மாதமாக எங்களுக்குத் தராமல் வைத்திருந்தார்கள்.

“சொல்லவும்” என்றேன்.

“என்ன?”

“பக்கத்துல ‘சொல்லவும்’னு எழுதுங்கக்கா. இவருக்குப் பதில் சொல்லவும்.”

ஞானப்பூ அக்கா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பிரஷ்ஷை முக்கி, எட்டுத் துணியிலும் எழுதி முடித்தாள்.

சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு இறங்கினோம். தெருவில் இருபத்தாறு டிவியும் ஓடிக்கொண்டிருந்த நேரம். சேலையில் முழங்காலுக்கு நேரே துணியை ஊக்கு குத்தியிருந்தோம், சப்பரத்துக்குப் பின்னால் நடக்கிற மாதிரி இரண்டிரண்டு பேராக, அவசரப்படாமல், தார் சுடுகிற வெயிலில், வாயில் ஜெபம் இல்லாமல் நடந்தோம். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வந்து நின்று குனிந்து வாசித்தார்கள். பட்டையை வாசித்து ஒத்துக்கொண்டே பழகினவர்கள், இதற்கும் என்ன செய்வார்கள். தள்ளுவண்டிக்காரர்தான் முதலில் மாட்டினார். “இத்தனை நாளா உன் வண்டிகிட்ட நின்னேனே, ஒரு கட்டு கீரை தந்தியா?” என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். “தரலக்கா. தப்புதான்” என்றார் அவர், தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரே திகைத்து.

லூர்து தன் வீட்டு வாசலில் நின்றாள்.

“பெலிக்ஸு, என் கண்ணாடி எங்கடா?”

அவன் குனிந்து வாசித்தான். நிமிர்ந்தான். “அலமாரில, மேல் தட்டுல இருக்கும்மா.”

“அதை எதுக்கு எடுத்து வச்ச?”

“தெரியலம்மா.” அவனுக்கு மூக்கு சிவந்தது. “தூக்கிப்போட மனசு வரல.”

“என்னைத் தூக்கிப்போட வந்துச்சோ” என்று சொல்லிவிட்டு அவள் படியேறி உள்ளே போனாள். உள்ளே இருந்த புதியவள் சிவப்புப் பெட்டியோடு அவளுக்கு வழிவிட்டு வெளியே வந்தாள்.

ஞானப்பூ அக்கா வீட்டுக்காரர் கறுப்புத் தலையோடு நாற்காலியில் இருந்தார். “நாப்பத்தொரு வருசம் உங்களுக்கு ஆக்கிப் போட்டேன். நான் எங்க போனேன்னு ஒருநாளாச்சும் தேடுனீங்களா?” என்று கேட்டாள். அவர் குனிந்து வாசித்துவிட்டு, “தேடல” என்றார். “நல்லது, மறைக்காமச் சொன்னீங்க” என்று அக்கா ஊக்கைக் கழற்றித் துணியை மடித்துக்கொண்டு அறைக்கே திரும்பி நடந்தாள். இன்றுவரை அவள் அங்கேதான் இருக்கிறாள், சாமியார் இப்போது அவள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார். மற்றவர்கள் அவரவர் வீட்டுக்குள் போனார்கள். தெரு எங்களுக்குச் சமாதானம் சொல்ல வந்தது, பழகிடும்கா என்று ஒருத்தி தெரியாமல் ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜெபத்தில் மன்னிக்கிற வரி வரும்போது என் வாய் இன்னும் அந்த இடத்தில் நிற்கிறது. மாதாவுக்குத் தெரியும், நான் தாண்டிப்போக முயற்சி செய்கிறேன்.

என் வீடு கடைசி. ஜெசிந்தா சோபாவில் சாய்ந்து காலை முக்காலியில் நீட்டியிருந்தாள், கால் வீங்கியிருந்தது, பெட்டி இன்னும் பிரிக்கவில்லை. எனக்குப் பதில் வந்தவள் மாதுளை உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். என் மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பார்த்தாள், உதடு அசைய வாசித்தாள்.

வழியெல்லாம் நான் மனதில் வைத்துவந்த கேள்வி, நான் யார் என்பது. அதைக் கேட்க எனக்கு அசிங்கமாக இருந்தது. பெற்றவள் அதைக் கேட்கக் கூடாது.

“எனக்குப் பதில் இவங்கன்னு வந்தப்ப, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேக்கல” என்றாள்.

“ஏன் கேக்கல?”

அவள் அழ ஆரம்பித்தாள், ஆனால் எழுதியிருந்ததால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. “இவங்களோட பேசுறது சுலபமா இருந்துச்சு. நீ போன் பண்ணினா சாப்டியா, ஜெபம் சொன்னியான்னு ரெண்டுதான் கேப்ப. நான் பயமா இருக்குன்னு சொன்னா மாதாகிட்ட சொல்லுன்னுவ. உன்கிட்ட சொல்லணும்னு தோணும்மா. உன்கிட்ட.”

நீ என்றாள். ஆன்ட்டி, நில்லுங்க என்ற வாய். அந்த ஒரு எழுத்துக்காகச் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை, அவள் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது, அந்த நியாயத்தை அவள் என் முகத்தைப் பார்த்து எப்போதோ சொல்லியிருக்கலாம், என்னை மாற்றிக்கொள்வதைவிட அது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கலாம், இல்லாமல் போயிற்று.

“சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்” என்றேன். “மாத்துனா எப்படிடி கேப்பேன்?”

அதற்கு அவளிடம் பதில் இல்லை, எழுதியிருந்தும் இல்லை.

வந்தவள் மாதுளைத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். சிவப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டும்போது, “பயப்படுது, இடுப்பு வலிக்கு இடதுபக்கமாப் படுக்கச் சொல்லியிருக்கேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். சாப்பிட்டுப் போ என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.

நான் ஊக்கைக் கழற்றித் துணியை நாற்காலியில் போட்டேன். உள்ளே போய்ச் சோபாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மகளின் கன்னத்தைத் தொடக் கை போகவில்லை, இன்னும் போகவில்லை. அவள் வயிற்றின்மேல் கையை வைத்தேன்.

“அய்யா, அம்மா, நீ யாரா இருந்தாலும் சரி” என்றேன். “பாட்டி வந்திருக்கேன். கேக்குதா?”

உள்ளே இருக்கிறதுக்கு எழுத்துத் தெரியாது. பட்டை எந்தப் பக்கமிருந்து ஓடும் என்று தெரியாது. என் வயதும் தெரியாது. என் உள்ளங்கையின் நடுவில், பொறுமையில்லாத ஒரு குதிகால், ஓங்கி ஓர் உதை உதைத்தது.